மரப்பலகையில் போட்டோ பதிக்கும்போது மை கசிகிறது, உதவுங்கள்
வணக்கம். அம்மா அப்பாவின் பழைய கல்யாணப் போட்டோவை மரப்பலகையில் பதிக்க முயன்று வருகிறேன். என்னிடம் இருப்பது இங்க்ஜெட் பிரிண்டர். ஸ்டிக்கர்களை உரித்தபின் மிஞ்சும் வழவழப்பான தாளில், படத்தை இடவலம் மாற்றி அச்சடிக்கிறேன். அந்தத் தாள் மையை உறிஞ்சாது, ஈரம் அப்படியே நிற்கும். உடனே பலகையில் கவிழ்த்து அழுத்தினால் மரம் மையை இழுத்துக்கொள்கிறது.

அப்பாவின் சட்டைக் கோடுகள்கூட அழகாக விழுந்தன. ஆனால் அம்மாவின் கண் இருக்கும் இடத்தில் மை மரத்தின் ரேகையோடு ஓடி, மெல்லிய மயிரிழைகளாகக் கசிந்துவிட்டது. மனசு கேட்கவில்லை.

பலகையை முன்பே 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்திருந்தேன். இன்னும் நுண்ணிய தாள் வேண்டுமா, மரத்தையே மாற்ற வேண்டுமா? அப்புறம், தண்ணீர் சேர்ந்த வார்னிஷைப் பிரஷ்ஷால் தடவியதும் மை கரைந்து இழுபட்டது. ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தவர்கள் யாராவது இருந்தால், மை காய எத்தனை நாள் விட்டீர்கள் என்று சொல்லுங்கள்.