பத்தமடைப் பாய்க்கு 14,000 ரூபாய்: கொடுக்கலாமா, பேரம் பேசலாமா?

முக்கூடல்காரன்:
தைமாசம் தங்கச்சிக்குக் கல்யாணம். சீரோடு வைக்க பத்தமடைப் பட்டுப் பாய் (திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் கோரைப்புல்லில் பட்டு மாதிரி மெல்லிசாக நெய்வது) ஒன்று, பொண்ணு மாப்பிள்ளை பெயரும் தேதியும் போட்டு நெய்யச் சொல்லலாம் என்று ஒரு வீட்டில் கேட்டேன். 120 கவுண்டில் (நூல் நெருக்கமான நைஸ் ரகம்) நெய்ய 14,000 சொன்னார்கள், பாதி முன்பணம். எங்க மாமா "கோரைப்புல்லுக்கா இவ்வளவு, ஒன்பதுக்குப் பேசி முடி" என்கிறார். டவுனில் மிஷின் பாய் ஆயிரத்துக்குள் தொங்குகிறது என்பதும் உண்மைதான். நியாயமான விலை எவ்வளவு, விவரம் தெரிந்த அண்ணாச்சிகள் சொல்லுங்க.

சேரன்மாதேவி ரயில்:
எதற்கும் ஒரு விலை சொல்வார்கள், நாமும் ஒரு விலை கேட்கணும், அதுதானே வழக்கம். பத்தில் முடிப்பார்கள் பாருங்க.

பாவுநூல்:
தம்பி, எங்க உம்மா நெய்தவங்க, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். பச்சையாக அறுத்த கோரையைக் காயவைத்து, ஆற்றுத் தண்ணீரில் ஒரு வாரம் போல ஊறப்போட்டு, உப்பினதைத் திரும்பக் காயவைத்து, கத்தியால் நூல் நூலாகக் கிழித்து, சாயம் போட்டு, அதுக்கு அப்புறம்தான் தறியில் உட்கார முடியும். தறியில் ரெண்டு பேர். ஒருத்தி கோரையைக் குச்சியில் மாட்டி உள்ளே விடுவாள், இன்னொருத்தி நூல் கோத்த அச்சுக் கட்டையை இழுத்து அடிப்பாள். சாதாப் பாய் என்றால் கை பாட்டுக்கு ஓடும், பெயர் வருகிற இடத்தில் தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலை எண்ணி எண்ணித்தான் சாயக் கோரையைச் சொருகணும், ஒரு நூல் தப்பினால் எழுத்து கோணிக்கொள்ளும், பிரித்துத் திரும்ப அடிக்கணும். உம்மாவுக்கு அந்த நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

இப்போ கணக்குப் போடுங்க. ரெண்டு பேருக்கு இருபது நாள் என்று குறைத்தே வைத்தாலும் நாற்பது ஆள்கூலி. கோரை, நூல், சாயம், ஓரத்துக்குத் துணி தைக்க எல்லாம் சேர்த்து 2,000 கழித்தால் மீதி 12,000. ஆளுக்கு ஒரு நாளைக்கு 300. நூறு நாள் வேலைக்கே தமிழ்நாட்டில் 2024-25இல் 319 ரூபாய் அறிவித்தார்கள். உங்க மாமா சொல்கிற ஒன்பதாயிரத்துக்கு 175 வருது. மாமா அந்தக் கூலிக்கு வயலில் ஆள் பிடித்துக் காட்டட்டும்.

சேரன்மாதேவி ரயில்:
சரி மதினி, கணக்குப் புரியுது. ஆனா கடையில் 20,000 சொல்கிறானே, அதுவும் நெய்தவங்களுக்கா போகுது?

பேட்டை வியாபாரி:
கடைக்காரனைத் திட்ட எல்லாரும் வந்திருவீங்க. ஐப்பசி கார்த்திகையில் மழை விடாமல் அடித்தால் கோரை காயாது, தறி நிற்கும், அப்போ முன்பணம் கொடுப்பது நாங்கதான். விற்காத பாயும் எங்க பரணில்தான் கிடக்கும். ஆனாலும் எங்க ஆட்களில் பாதிப் பேர் தேவைக்கு மேல் எடுக்கிறான், அதையும் ஒத்துக்கிறேன். தம்பி நேராக வீட்டில் பேசியிருக்கிறார், அதுவே நல்லது.

வில்லுக்காரர்:
எங்க கதையும் இதேதான். கோயில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டு பேச வருகிறவங்க பந்தலுக்கும் சீரியல் பல்புக்கும் கேட்ட காசைக் கொடுத்துட்டு வருவாங்க. ராத்திரி முழுக்க சுடலை கதை படிக்கிற எங்ககிட்ட மட்டும் "சாமி காரியம்தானே, பார்த்துக் குறைங்க". குடம் அடிக்கிறவருக்கும் உடுக்குக்காரருக்கும் பிரித்துக் கொடுத்தால் மிச்சம் பஸ்ஸுக்குத்தான்.

பாவுநூல்:
அதேதான் அண்ணாச்சி. 1953இல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு எங்க ஊர்ப் பாய் போச்சு என்று மேடைக்கு மேடை சொல்வாங்க. புவிசார் குறியீடும் வந்தாச்சு. கூலியைப் பற்றி மட்டும் ஒரு மேடையிலும் பேச்சு வராது.

முக்கூடல்காரன்:
மாமாகிட்ட அந்த 175 கணக்கைக் காட்டினேன், "சரி உன் இஷ்டம்" என்று எழுந்து போய்விட்டார். 14,000 கொடுக்கப் போகிறேன், நாளைக்கே முன்பணம். ஒரு சந்தேகம், மாப்பிள்ளை பெயர் சங்கரநாராயணன். எழுத்து கூடினால் விலை கூடுமா?

பாவுநூல்:
கூடத்தான் செய்யும். 14,000 சொன்னப்போ பெயரைச் சொன்னீங்களா? இல்லைன்னா போய்ச் சொல்லிட்டு முன்பணம் கொடுங்க. வீட்டில் சங்கர் என்றுதானே கூப்பிடுவாங்க, அதைப் போடச் சொல்லுங்க. தைக்கு வேணும்னா மழைக்கு முன்னாடியே கோரை காய்ந்தாகணும், தள்ளிப்போடாதீங்க.