புதுப்பிப்பு: நீரோரச் சிலந்திகள் கிடைத்தன

முதுநிலை விலங்கியல் மாணவி ஒருவரின் ஆய்வுக்காக நீர்நிலையோரச் சிலந்திகளை எங்கே தேடுவது என்று முன்பு கேட்டிருந்தேன். தஞ்சைப் பக்கத்து வாய்க்கால் கரைகளிலேயே வேண்டிய அளவு கிடைத்துவிட்டன. பகலில் முன்கால்களை நேராக நீட்டிக் கோரைத் தாளோடு தாளாக ஒட்டிக்கிடக்கும் டெட்ராக்னாதா என்னும் நீள்தாடைச் சிலந்தி, பொழுது சாய்ந்ததும் நீருக்குச் சற்று மேலே, நடுவில் துளையுள்ள வட்டவலையைப் பின்னத் தொடங்குவதால், அந்த நேரத்தில் தேடுவதே நல்லது. தரையில் ஓடி இரை பிடிக்கும் ஓநாய்ச் சிலந்திகளை இரவில் தேட நெற்றி விளக்கே போதும்: ஒளி நம் கண்மட்டத்திலிருந்து சென்றால், வரப்புப் புல்லுக்குள் அவற்றின் கண்கள் பச்சையாக மின்னும் (பனித்துளியும் மின்னும்; ஆனால் அது ஓடாது). இனம் அறிய முதிர்ந்தவையே உதவும் என்பதால் குஞ்சுகளை விட்டுவிட்டு, சிலவற்றை மட்டும் 70 சதவீத எத்தனாலில் இட்டு, இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போட்டோம். பேனா மை அதில் கரைந்துவிடும்.