பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள்: மனதை விட்டுப் போகாத ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள்

பட்டதாரி ஆசிரியை, திருப்பூர் பக்கம்

அரையாண்டு லீவு முடிந்ததும் பத்தாம் வகுப்பில் கடைசி வரிசை காலியாவது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதனால் முன்கதை வேண்டாம். என் வகுப்புப் பையன் ஒருவன் பனியன் கம்பெனிக்குக் கைமடிக்க, அதாவது தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற உதவி வேலைக்கு, போய்விட்டான். அரசின் மாணவர் பதிவான எமிஸில் பெயர் இருக்கிறது, வகுப்பில் ஆள் இல்லை. நானும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனோம். சனிக்கிழமை என்றால் சம்பள நாள். எங்களைப் பார்த்தும் அவன் ஒதுங்கவில்லை. வாசலிலேயே கவரைப் பிரித்து, எண்ணி, அம்மா கையில் கொடுத்தான். அந்த அம்மா எங்கள் முன்னாலேயே வாடகைக்கு, மளிகைக்கு என்று பிரித்து வைத்தார். அப்புறம் அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "டீச்சர், பத்து பாஸ் பண்ணிட்டா இதவிட எவ்வளவு சேத்திக் குடுப்பாங்க?"

திமிராகக் கேட்கவில்லை. நிஜமாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கைமடிக்கிற வேலைக்குப் பாஸ், ஃபெயில் எல்லோருக்கும் ஒரே ஷிப்ட் கூலிதான் என்பது என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் அம்மாவும் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தார்.

பரீட்சைக்கு வந்தான், எழுதினான். கணக்கில் மட்டும் ஃபெயில். துணைத் தேர்வுக்குக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. இப்போது பனியன் தைக்கிற பேட்லாக் மெஷின் பழகுகிறானாம். உங்களில் யாராவது அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

ஐடிஐ பயிற்றுநர், ஒயர்மேன் பிரிவு

டீச்சர், பையன் கேட்டது நியாயமான கேள்வி. பதில் பாஸில் இல்லை, பாஸுக்கு அடுத்து என்ன என்பதில் இருக்கிறது. பத்தை மட்டும் முடித்துவிட்டு அதே கம்பெனிக்குப் போனால் அவன் கணக்குதான் சரி.

என்னிடம் ஒன்பதாவதில் நின்றுபோன பையன் ஒருவன் சேர்ந்தான். இரண்டு வருடம் சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டு வந்தவன். ஒயர்மேனுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" என்பதைக்கூட வாய்க்குள்ளேயே சொல்வான். தியரி வகுப்பில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் மாடிப்படி ஒயரிங் போடச் சொன்னேன். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், இரண்டிலும் ஒரே பல்பு எரியவும் வேண்டும், அணையவும் வேண்டும். மற்றவர்கள் நோட்டில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன் இரண்டு டூவே சுவிட்சையும் கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு போர்டில் இணைத்தான். கீழே போட்டான், எரிந்தது. மேலே போய் அணைத்தான். மறுபடி மேலே போட்டுக் கீழே அணைத்தான். பக்கத்து பெஞ்ச் பசங்கள் வேலையை விட்டு வந்து நின்றார்கள். "எப்படிடா?" என்று ஒருவன் கேட்க, அந்தப் பையன் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

டீச்சர், உங்கள் பையனுக்குக் கணக்குதானே போனது? எட்டாவது சான்றிதழை வைத்தே சேரலாம். இரண்டு வருட ஐடிஐ முடித்துவிட்டு, பத்தாம் வகுப்புத் தமிழ், ஆங்கிலம் இரண்டை மட்டும் எழுதிப் பாஸ் செய்தால் பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் கிடைக்கும். கணக்குத் தாள் தேவையில்லை. அரசு ஐடிஐயில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை உண்டு.

வேடசந்தூர் பக்கம், ஒரு அம்மா

சார் சொல்வது பையன்களுக்கு. எங்கள் பக்கம் விடியக்காலையில் மில் வேன் வந்து ஹாரன் அடிக்கும்போது ஏறுவதெல்லாம் பெண் பிள்ளைகள். அதையும் யாராவது பேசுங்கள்.

என் மகளோடு ப்ளஸ் டூ படித்த பிள்ளை. அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும் ஸ்பின்னிங் மில்லுக்குப் போய்விட்டது. பொதுத்தேர்வுக்கு முந்தைய வாரம் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பார்த்தேன். முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கழுத்தில் மில் அடையாள அட்டை. "ஹால் டிக்கெட் வாங்கிட்டியா கண்ணு?" என்றேன். "வாங்கிட்டேன் அத்தை" என்று எடுத்துக் காட்டினாள். ப்ளாஸ்டிக் கவரில் போட்டு, மில் கார்டுக்குப் பின்னாலேயே மடித்து வைத்திருந்தாள். அதில் இரட்டைச் சடையோடு பள்ளிக்கூடப் போட்டோ. பரீட்சை அன்றைக்கும் மில் வேனில்தான் போனாள்.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, என் மகளும் வாங்குகிறாள், நல்ல திட்டம். ஆனால் அது கல்லூரியிலோ ஐடிஐயிலோ சேர்ந்த பிறகு வருவது. சேரும் வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. அந்தப் பிள்ளைக்குப் பரீட்சை நடந்த அந்த ஒரு மாதத்துக்கு யாராவது கை கொடுத்திருந்தால் எழுதியிருப்பாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஏசி மெக்கானிக், சென்னை

நானும் இடையில் நின்றவன்தான். முகூர்த்த நாளானால் கேட்டரிங்கில் பரிமாறப் போய்விடுவேன். பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் என் மேல் நம்பிக்கை இல்லை. எப்படியோ பத்தாவது எழுதினேன். ரிசல்ட்டில் அறிவியல் எழுத்துத் தேர்வில் மார்க் இருக்கிறது, ஆனால் ஃபெயில். செய்முறைத் தேர்வுக்குப் போகவில்லை. அது இல்லாமல் பாஸ் கிடையாது என்று யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. அன்றைக்கே சர்டிபிகேட்டைக் கிழிக்கப் பார்த்தேன்.

லேப் அட்டெண்டர் அண்ணன்தான் வீடு தேடி வந்தார். "செய்முறைக்குத் தனியா பதிவு பண்ணணும், கடைசித் தேதி இது, ஆதாரை எடுத்துக்கிட்டு வா" என்றார். அறிவுரையே கிடையாது. அவருடைய டிவிஎஸ்ஸில் என்னை ஏற்றிக்கொண்டு போய்ப் பதிவு போட வைத்தார். இன்றைக்கும் அவர் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு நான் காசு வாங்குவதில்லை.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விழுப்புரம் மாவட்டம்

என் அனுபவம் சின்னது. கரும்பு வெட்டப் போன மாணவனைத் தோட்டத்திலேயே போய்ப் பார்த்தேன். கத்தியைக் கீழே வைக்காமலே பேசினான். கடைசியில் வந்தான், முடித்தான். அது போகட்டும்.

திருப்பூர் சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழுவாக வீட்டுக்குப் போகாதீர்கள். தலைவி, ஆசிரியை, அக்கம்பக்கம் என்று ஆள் கூடினால் அந்தக் குடும்பம் கூனிக் குறுகிப்போகும். பையனுக்குப் பிடித்த ஒரே ஒருவர் போக வேண்டும், அவர் விளையாட்டு சொல்லித்தரும் பி.இ.டி. ஆசிரியராக இருந்தாலும் சரி. சென்னைத் தம்பிக்கு லேப் அட்டெண்டர் போனது அதனால்தான் பலித்தது.

2023 மார்ச்சில் ப்ளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு மட்டும் 50,000 பேருக்கு மேல் வரவில்லை. அன்றைக்குத்தான் ஊரே விழித்துக்கொண்டது. ஆனால் அவர்களில் பலர் பரீட்சை அன்று காணாமல் போனவர்கள் இல்லை. ஜூலை, ஆகஸ்டிலேயே திங்கட்கிழமை வராமல் இருந்து, அப்புறம் வாரத்தில் இரண்டு நாளாகி, பிறகு நின்றவர்கள். கட்டாயக் கல்விச் சட்டம் பதினான்கு வயதோடு நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் விட்டால் பிடிக்கச் சட்டம் இல்லை, மனிதர்கள்தான் பிடிக்க வேண்டும். ஆகவே முதல் திங்கட்கிழமையே போன் போடுங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, மதிப்பெண் பட்டியலில் வேறு எழுத்து என்று இருந்தால் அப்போதே திருத்துங்கள், சேர்க்கை நேரத்தில் அதற்காகவே திரும்பிப் போன பிள்ளைகள் உண்டு. வங்கிக் கணக்கு பிள்ளை பெயரில் இருக்கட்டும். டிசி கேட்டு வந்தால் உடனே கொடுத்து அனுப்பாமல், எங்கே போகிறாய் என்று கேளுங்கள். ப்ளஸ் டூவுக்குப் பிறகு எதிலும் சேராதவர்களை அழைத்துப் பேச நான் முதல்வன் திட்டத்தில் 'உயர்வுக்குப் படி' முகாம் நடத்துகிறார்கள், அங்கே தகவல் மட்டும் சொல்லி விடாமல் கூடவே போய் உட்காருங்கள். வேடசந்தூர் அம்மா சொன்ன அந்த ஒரு மாதத்துக்கு முன்னாள் மாணவர்களிடம் கேளுங்கள், கொடுப்பார்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

லேத் பட்டறை நடத்துபவர், கோவை

ஹெச்.எம். ஐயா, சேர்த்துவிடுவதோடு வேலை முடிந்ததாகப் பேசுகிறீர்கள். எங்களிடம் வந்த பிறகுதான் பாதிப்பேர் நிற்கிறார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஐடிஐ டர்னர் முடித்த பையன். கை சுத்தம், மைக்ரோமீட்டர் பிடிப்பதிலேயே தெரியும். அப்ரண்டிஸாக, அதாவது ஒரு வருடப் பயிற்சித் தொழிலாளியாக, எடுத்தோம். அப்போது 2019 விதிப்படி ஐடிஐ முடித்தவனுக்கு உதவித்தொகை மாதம் குறைந்தது 7,000 ரூபாய். அவன் தங்கிய ரூமில் கூட இருந்தவர்கள் டெலிவரி வேலையில் அதைவிட அதிகம் சம்பாதிக்கிறவர்கள். மூன்றாவது மாதம் யூனிஃபார்மைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். "மெஷின் புடிச்சிருக்குங்க. ஊருக்குத்தான் காசு அனுப்ப முடியல" என்றான். யூனிஃபார்ம் பாக்கெட்டில் அவன் சொந்தக் காசில் வாங்கிய வெர்னியர் அளவுகோல் இருந்தது. அதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு நான் அப்ரண்டிஸ் பையன்களுக்கு மதியச் சாப்பாடும் ரூம் வாடகையில் பாதியும் கொடுக்கிறேன். சின்னப் பட்டறை, எல்லோராலும் முடியாது, தெரியும். ஆனால் பயிற்றுநர் சார் சொல்கிற படிக்கட்டில் இந்த ஒரு வருடம்தான் உடைந்த படி. அரசு பணம் போட வேண்டிய இடம் இதுதான் என்று அடித்துச் சொல்வேன்.

ஐடிஐ பயிற்றுநர், ஒயர்மேன் பிரிவு

பட்டறை அண்ணா சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வருடத்தைத் தாண்டினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கையில் வரும். ரயில்வே, மின்வாரிய அறிவிப்புகளில் அதைக் கேட்கிறார்கள். உங்கள் பையனைத் திரும்பக் கூப்பிட முடியுமா?

லேத் பட்டறை நடத்துபவர், கோவை

நம்பர் மாறிவிட்டது சார். ஊர் கமுதி பக்கம் என்று மட்டும் தெரியும். அந்தப் பக்கம் ஐடிஐயில் யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

பட்டதாரி ஆசிரியை, திருப்பூர் பக்கம்

ஹெச்.எம். ஐயா, குழுவாகப் போகாதீர்கள் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் தலைவி வந்ததால்தான் அந்த அம்மா கதவைத் திறந்தார். பயிற்றுநர் சார், மொழித்தாள் விஷயம் எனக்குப் புதிது. எட்டாவது மதிப்பெண் சான்று எங்கள் பள்ளியிலேயே எடுத்துத் தர முடியும். ஒயர்மேன் இடம் இந்த வருடம் பாக்கி இருக்கிறதா, திருப்பூரிலா தாராபுரத்திலா என்று மட்டும் சொல்லுங்கள். பையன் போனை எடுக்காவிட்டால் கம்பெனி கேட்டிலேயே போய் நிற்கிறேன்.