மச்சில் உள்ள மடிக்கணினிக்குத் தார்சாக் கணினியின் கோப்புறை தெரியவில்லை: உதவி தேவை

கேள்வி: பத்தமடையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு கணினிகள் உள்ளன. கீழே தார்சாவில் (முன்கூடத்தில்) இருப்பது பழைய மேசைக்கணினி; விண்டோஸ் 7 உடன் வாங்கிப் பிறகு விண்டோஸ் 10க்கு மாற்றியது. திருமணப் பாய்களில் மணமக்களின் பெயரையும் தேதியையும் நெய்வதற்காகக் கட்டம் போட்டு வரைந்த மாதிரிகள் பதினோரு ஆண்டுகளாக அதில்தான் சேர்ந்து கிடக்கின்றன. பிரிண்டரும் அதனோடுதான் இணைந்திருக்கிறது. மச்சில் (மாடியில்) என் மகள் பயன்படுத்துவது புதிய மடிக்கணினி. விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 பதிப்பு. வெளியூர்க்காரர்கள் செல்பேசியில் அனுப்பும் பெயர்களை அவள் மேலே திருத்தி, கீழே உள்ள கோப்புறையில் நேராகச் சேமிக்க வேண்டும் என்பதே எங்கள் தேவை. இப்போது பென் டிரைவோடு ஒரு நாளைக்குப் பத்து முறை ஏணிப்படி ஏறி இறங்குகிறோம்.

ஃபைபர் இணைப்பின் பெட்டி தார்சாவில் இருக்கிறது. மேசைக்கணினி அதனோடு வயர் மூலம் இணைந்துள்ளது. பழைய வீட்டின் சுவர் ஒன்றரை அடிக் கனம் என்பதால் வைஃபை மச்சுக்கு எட்டவில்லை. ஆகவே சென்ற ஆண்டு அந்தப் பெட்டியிலிருந்து ஒரு வயரை மேலே இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை வைத்தோம். இணையம் இரண்டு கணினிகளிலும் குறையில்லாமல் வருகிறது.

மேசைக்கணினியில் கோப்புறையைப் பகிர்ந்து, நெட்வொர்க் டிஸ்கவரியையும் ஃபைல் ஷேரிங்கையும் இரண்டு கணினிகளிலும் இயக்கிவிட்டேன். அப்படியும் மடிக்கணினியின் நெட்வொர்க் பகுதியில் மேசைக்கணினி தென்படவில்லை. அதன் பெயரைத் தட்டினால் பிணையப் பாதை காணப்படவில்லை என்று சொல்லி, 80070035 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டுகிறது. ஃபயர்வாலைப் பத்து நிமிடம் அணைத்துப் பார்த்தும் பயனில்லை. உடனே திரும்ப இயக்கிவிட்டேன். முன்பு விண்டோஸ் 7 காலத்தில் வீட்டுக் கணினிகளுக்குள் எளிதாகப் பகிர ஹோம்குரூப் என்று ஒன்று இருந்தது. அதையும் இப்போது காணவில்லை. பழுது பார்க்கும் ஒருவர், பழைய கணினியின் நெட்வொர்க் கார்டு போய்விட்டது, கணினியையே மாற்றிவிடுங்கள் என்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வாரம் மகள் மடிக்கணினியைக் கீழே கொண்டுவந்து வைத்திருந்தபோது மேசைக்கணினியின் பெயர் தானாகவே தெரிந்தது. ஆனால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. எதைக் கொடுத்தாலும் ஏற்கவில்லை. மேலே போனதும் பெயரே மறைந்துவிட்டது.

மறுமொழி: தென்காசியிலிருந்து

அண்ணாச்சி, எனக்கும் இதே பிழை எண் வந்தது. கன்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பகுதிக்குச் சென்று எஸ்எம்பி 1.0 என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையை இரண்டு கணினிகளிலும் இயக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். என் வீட்டில் உடனே சரியாகிவிட்டது.

மறுமொழி: பாளையங்கோட்டையிலிருந்து

தென்காசித் தம்பி சொன்ன வழியை அன்புகூர்ந்து கையாள வேண்டாம். எஸ்எம்பி 1 மிகப் பழைய நெறிமுறை. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாகிரை என்ற தீநிரல், அந்த நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குப் பரவியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. விண்டோஸ் எக்ஸ்பி கணினியோ, மிகப் பழைய சேமிப்புப் பெட்டியோ வீட்டில் இருந்தால் மட்டுமே அதன் பேச்சு எழும். தம்பியின் வீட்டில் அப்படி ஏதேனும் இருந்திருக்கலாம். விண்டோஸ் 10க்கும் 11க்கும் இடையே எஸ்எம்பி 3 தானாகவே பேசப்படும். பல வீடியோக்கள் இன்றும் எஸ்எம்பி 1ஐயே முதல் மருந்தாகச் சொல்வது எனக்குப் பெரிய வருத்தம்.

ஹோம்குரூப்பைத் தேட வேண்டாம்; 2018இல் வந்த 1803 பதிப்போடு அது நீக்கப்பட்டுவிட்டது. நெட்வொர்க் கார்டு பழுது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். கார்டு போயிருந்தால் அந்தக் கணினியில் இணையம் வந்திருக்காது.

அண்ணாச்சியின் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிப் பத்திதான். கீழே வந்தால் தெரிகிறது, மேலே போனால் மறைகிறது என்றால், குற்றம் கணினிகளில் இல்லை. அவற்றுக்கு நடுவே இருக்கிறது. ஆகையால் வேறெந்த அமைப்பையும் தொடுவதற்கு முன், இரண்டு கணினிகளிலும் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ஐபி கான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுத்து, ஐபிவி4 முகவரியையும் டிஃபால்ட் கேட்வே (கணினி வெளியே செல்லும் வழியான ரவுட்டர்) முகவரியையும் குறித்து எழுதுங்கள். மடிக்கணினியில் மேலே இருக்கும்போது ஒரு முறையும் கீழே கொண்டுவந்து ஒரு முறையும் பார்க்க வேண்டும். அதோடு, மேலே இருக்கும்போது மேசைக்கணினியின் பெயருக்குப் பதிலாக அதன் எண் முகவரியைத் தட்டிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

பாளையங்கோட்டைத் தம்பிக்கு நன்றி. மேசைக்கணினியின் முகவரி 192.168.1.4, அதன் கேட்வே 192.168.1.1. மடிக்கணினி கீழே இருக்கும்போது 192.168.1.7 என்றும், மேலே இருக்கும்போது 192.168.0.103 என்றும் காட்டுகிறது. மேலே அதன் கேட்வே 192.168.0.1. மச்சிலிருந்து \\192.168.1.4 என்று தட்டியதும், எனக்கே வியப்பாக, கடவுச்சொல் கேட்கும் பெட்டி வந்துவிட்டது. ஆனால் மேசைக்கணினியிலிருந்து \\192.168.0.103 என்று தட்டினால் வெகுநேரம் சுற்றிவிட்டுக் காணவில்லை என்கிறது. ஒரு பக்கம் போகிறது, மறுபக்கம் வரவில்லை. இது எனக்குப் பிடிபடவில்லை.

மறுமொழி: வள்ளியூரிலிருந்து

ஐயா, நான் அலுவலகங்களுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுக்கும் பணியில் இருக்கிறேன். நீங்கள் எழுதிய எண்களிலேயே விடை இருக்கிறது. முதல் மூன்று எண்கள் கீழே 192.168.1 என்றும் மேலே 192.168.0 என்றும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் ஒரு நெட்வொர்க் இல்லை, இரண்டு இருக்கின்றன. மேலே உள்ள ரவுட்டரில் வெளி இணைப்புக்கான வேன் துளையில் வயரைச் செருகியிருப்பதால், அது தனக்குக் கீழ் ஒரு தனி நெட்வொர்க்கை உருவாக்கிக்கொண்டுள்ளது.

நம் ஊர் வளவை நினைத்துப் பாருங்கள். உள்ளே ஆறு வீடுகள் இருந்தாலும் தெருவுக்கு ஒரே வாசல்தான். உள்ளே இருப்பவர் எவரும் அந்த வாசல் வழியே தெருவுக்கு வந்து எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம். ஆனால் தெருவில் நிற்பவருக்குத் தெரிவது அந்த ஒரு வாசல் மட்டுமே. உள்ளே எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரியாது. மேலே உள்ள ரவுட்டர் அந்த வளவின் வாசல், உங்கள் மேசைக்கணினி தெருவில் இருக்கிறது. மடிக்கணினி வெளியே போகும்போது ரவுட்டர் அதன் முகவரியை மாற்றித் தன் முகவரியைப் போட்டு அனுப்புவதால் போகும் வழி திறந்திருக்கிறது. மேசைக்கணினி தானாக உள்ளே நுழைய வழி இல்லை. கணினிகள் தம் பெயரை அறிவிக்கும் குரலும் வாசலைத் தாண்டாது. அதனால்தான் பெயரைத் தட்டினால் கிடைக்காதது, எண்ணைத் தட்டினால் கிடைக்கிறது.

மேல் ரவுட்டரை வெறும் வைஃபை கடத்தியாக மாற்றுவதே தீர்வு. அதன் அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடும். இல்லையெனில் கையால் செய்யலாம். ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் வேன் துளையிலிருந்து வயரை எடுத்துவிடுங்கள். பிறகு ரவுட்டரின் லேன் (வீட்டுக்குள் பயன்படும்) முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். அது மறுதொடக்கம் ஆனதும் அந்தப் புதிய முகவரியில் மீண்டும் உள்ளே சென்று, முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையை அணையுங்கள். இனி முகவரி கொடுப்பது கீழே உள்ள பெட்டி மட்டுமே. கடைசியாக, எடுத்த வயரை வேன் துளையில் செருகாமல் லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். கீழ்ப் பெட்டி 192.168.1.2 என்ற எண்ணை வேறு எந்தக் கருவிக்கும் கொடுத்திருக்கவில்லை என்பதை முன்னதாகவே அதன் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஆக்சஸ் பாயிண்ட் மோடு இதில் இல்லை. கையால் செய்யும்போது ஒரு தவறு செய்துவிட்டேன். அவசரத்தில் டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டேன். இப்போது மடிக்கணினி 169.254 என்று தொடங்கும் ஏதோ ஒரு முகவரியைக் காட்டுகிறது. ரவுட்டரின் பக்கமும் திறக்கவில்லை. மகள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பென் டிரைவைத் தேடி எடுத்துவிட்டாள்.

மறுமொழி: வள்ளியூரிலிருந்து

பதற வேண்டாம், ரவுட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. முகவரி கொடுப்பவர் இல்லாதபோது விண்டோஸ் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும் முகவரிதான் 169.254. மடிக்கணினியில் ஐபிவி4 அமைப்பைத் திறந்து, முகவரியைக் கையால் 192.168.0.50 என்றும் சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்றும் கொடுத்தால் 192.168.0.1 பக்கம் திறக்கும். லேன் முகவரியை மாற்றியபின் வயரை லேன் துளையில் செருகிவிட்டு, மடிக்கணினியின் முகவரியை மறக்காமல் மீண்டும் தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் நாளைக்கு வேறொரு கேள்வியோடு வருவீர்கள்.

கேள்வி கேட்டவர்

வள்ளியூர் அம்மா சொன்னபடி செய்துவிட்டேன். மச்சிலேயே மடிக்கணினிக்கு இப்போது 192.168.1.9 கிடைக்கிறது. விண்டோஸ் இதைப் புதிய நெட்வொர்க் என்று கருதிப் பொது வகையில் போட்டிருந்தது. அதைப் பிரைவேட் என்று மாற்றியதும் இரண்டு கணினிகளும் ஒன்றுக்கொன்று பெயரோடு தெரிகின்றன. ஆனால் கடவுச்சொல் சிக்கல் அப்படியே இருக்கிறது. மேசைக்கணினிக்கு நாங்கள் கடவுச்சொல்லே வைக்கவில்லை. வெறுமையாக விட்டாலும் ஏற்கவில்லை, மடிக்கணினியின் நான்கு இலக்கப் பின் எண்ணைக் கொடுத்தாலும் ஏற்கவில்லை.

மறுமொழி: பாளையங்கோட்டையிலிருந்து

இரண்டுக்கும் காரணம் உண்டு. கடவுச்சொல் இல்லாத கணக்கை அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்து மட்டுமே பயன்படுத்தலாம், நெட்வொர்க் வழியாக நுழையக் கூடாது என்பது விண்டோஸின் இயல்பான விதி. பின் எண்ணோ, அது உருவாக்கப்பட்ட கருவிக்கு மட்டுமே உரியது. வேறு கணினிக்கு அது வெறும் நான்கு இலக்கம். தவிர, அங்கே கேட்கப்படுவது மேசைக்கணினியில் உள்ள ஒரு கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும்; மடிக்கணினியுடையவை அல்ல. பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கடவுச்சொல் பாதுகாப்புள்ள பகிர்வை அணைத்துவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் மடிக்கணினி விருந்தினர் கணக்காக நுழைய முயலும். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு அதை இயல்பாகவே மறுத்துவிடும். அந்த மறுப்பைத் தளர்த்தும் வழிகளும் இருக்கின்றன என்றாலும், பதினோரு ஆண்டு உழைப்பு கிடக்கும் கோப்புறைக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன்.

மேசைக்கணினியில் மைக்ரோசாஃப்ட் கணக்கு எதுவும் இல்லாமல், புதிய உள்ளூர்க் கணக்கு ஒன்றை ஆங்கில எழுத்துகளில் இடைவெளியற்ற பெயரோடு உருவாக்கி, நல்ல கடவுச்சொல் வையுங்கள். பிறகு கோப்புறையின் ஷேரிங் பகுதியில் அந்தக் கணக்குக்குப் படிக்கவும் எழுதவும் அனுமதி கொடுங்கள். அனுமதி இரண்டு இடங்களில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்: ஷேரிங் பகுதியில் ஒன்று, செக்யூரிட்டி பகுதியில் ஒன்று. இரண்டில் எது குறைவோ அதுவே நெட்வொர்க்கில் செல்லுபடியாகும். கோப்பு திறக்கிறது, ஆனால் சேமிக்க முடியவில்லை என்று மகள் சொன்னால் செக்யூரிட்டி பகுதியைப் பாருங்கள்.

மடிக்கணினியில் நுழையும்போது மேசைக்கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, அந்தக் கணக்கின் பெயர் என்ற வரிசையில் தட்டுங்கள். அதற்கு முன் கன்ட்ரோல் பேனலில், சேமித்த கடவுச்சொற்கள் இருக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, முன்பு தவறாகச் சேமிக்கப்பட்ட பதிவு ஏதேனும் இருந்தால் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் பழைய தவறான கடவுச்சொல்லையே விண்டோஸ் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

மறுமொழி: தென்காசியிலிருந்து

பாளையங்கோட்டை அண்ணன் சொன்ன பிறகுதான் தேடிப் பார்த்தேன். என் வீட்டில் பழைய சேமிப்புப் பெட்டி ஒன்று இருப்பது உண்மைதான். கணினிகள் இரண்டிலும் எஸ்எம்பி 1ஐ அணைத்துவிட்டேன். அவற்றுக்கு இடையே பகிர்வு இன்னும் நடக்கிறது, அந்தப் பெட்டி மட்டும் திறக்கவில்லை. அதிலுள்ள படங்களை வேறு வட்டுக்கு மாற்றிவிட்டு அதை ஓய்வு பெறச் செய்ய எண்ணியிருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

கோப்புறை திறந்துவிட்டது, சேமிக்கவும் முடிகிறது. கிரெடென்ஷியல் மேனேஜரில் தவறான பதிவுகள் மூன்று இருந்தன. கோப்புறையை இசட் என்ற எழுத்தோடு நெட்வொர்க் டிரைவாகவும் இணைத்துவிட்டோம். மீதம் ஒரே ஒரு குறை: அரை மணி நேரம் யாரும் தொடாமல் இருந்தால் இசட் டிரைவில் சிவப்புக் குறி விழுந்துவிடுகிறது. நான் கீழே போய் மேசைக்கணினியின் மவுஸை அசைத்தால் சரியாகிறது.

மறுமொழி: வள்ளியூரிலிருந்து

மேசைக்கணினி உறங்கிவிடுகிறது, ஐயா. பவர் அமைப்பில் திரை அணையலாம், கணினி உறங்கக் கூடாது என்று மாற்றுங்கள். கரண்ட் போய் வந்தபின் அதன் முகவரி மாறாமல் இருக்க, கீழ்ப் பெட்டியின் அமைப்பில் 192.168.1.4ஐ அந்தக் கணினிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எனவே மாதிரிகள் அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, அதைக் கழற்றித் தனியே வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

உறக்கத்தை நிறுத்திய பிறகு நேற்றிரவு முழுவதும் சிவப்புக் குறி வரவில்லை. முகவரியையும் ஒதுக்கிவிட்டேன். இன்று காலை மகள் மச்சிலிருந்தே ஒரு மணமகளின் பெயரில் விட்டுப்போன ஒற்றெழுத்தைத் திருத்திச் சேமித்தாள். நான் கீழே அதை அச்சிட்டுத் தறிக்கு அனுப்பிவிட்டேன். ஹார்டு டிஸ்க் வாங்க நாளை திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போகிறேன்.