கல்யாண மிக்ஸிங், ஆல்பம் வேலைக்கு எந்த லேப்டாப்? ஆவணிக்குள் வாங்க வேண்டும்

காவேரிப்பட்டணம்_கேமரா:

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தில் சிறிய ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தை மாசி வந்தால் எருது விடும் விழா, இதுதான் பிழைப்பு. இதுவரை டெஸ்க்டாப்பில் எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருள் வைத்து மிக்ஸிங் (வீடியோவை வெட்டித் தொகுப்பது), ஃபோட்டோஷாப்பில் ஆல்பம் என்று ஓட்டிவிட்டேன். இப்போது பார்ட்டிகள் கேட்பது வேறு. ராத்திரி ரிசப்ஷன் முடிந்ததும், காலை முகூர்த்தத்துக்குள் மூன்று நிமிட ஹைலைட்ஸ் எல்இடி திரையில் ஓட வேண்டும்.

போன வைகாசியில் நண்பரின் லேப்டாப்பை இரவல் வாங்கிப் போனேன். மண்டபத்து ஸ்டோர் ரூமில் வாழைத்தாருக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே உட்கார்ந்து வெட்டினேன். என் சோனி ஏ7 III ஃபைல்கள் நன்றாக ஓடின. இரண்டாவது கேமராவுக்கு வந்தவரின் ஏ7 IV ஃபைலை டைம்லைனில் வைத்தால் ஒரு நொடி ஓடும், நாலு நொடி நிற்கும். விடிகாலை நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது, எனக்கு எக்ஸ்போர்ட்டே ஆகவில்லை. திரையில் வெறும் பெயர்தான் ஓடியது. பெண்ணின் அப்பா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதுதான் இன்னும் மனசை அறுக்கிறது.

1,20,000 வரை புரட்ட முடியும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு இருந்தால் எல்லாம் பறக்கும் என்கிறார் கடைக்காரர். மேக் வாங்கு என்கிறான் மச்சான். எதை நம்புவது?

தருமபுரி_மிக்ஸிங்:

தம்பி, கார்டின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேமரா எந்த வகை ஃபைல் தருகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். நான் டேப் காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன், இந்த இடத்தில்தான் நிறைய பேர் காசை விடுகிறார்கள்.

உங்கள் ஏ7 III உள்ளே பதிவது 8 பிட் 4:2:0. பிட் என்பது நிறப் படிகளின் கணக்கு, 4:2:0 என்பது நிறத் தகவலை எவ்வளவு குறைத்துப் பதிகிறது என்ற கணக்கு. அதை இன்றைய எந்த லேப்டாப்பும் சிரமமில்லாமல் பிரித்து (டீகோட் செய்து) ஓட்டும். ஏ7 IV-இல் 10 பிட் 4:2:2 வைக்கலாம். அதில் நிறத் தகவல் இருமடங்கு. கலர் கிரேடிங் செய்ய அருமையான ஃபைல். ஆனால் அதைப் பிரிப்பதற்கென்று சிப்புக்குள்ளேயே ஒரு பகுதி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ப்ராசஸர் ஒவ்வொரு ஃபிரேமையும் தானே உட்கார்ந்து உரிக்கும். நீங்கள் ஸ்டோர் ரூமில் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் 4:2:2-க்கு அந்த வசதி இல்லை. 4060 என்ன, 4090 வாங்கினாலும் அதே கதைதான். என்விடியா அதைச் சேர்த்தது 50 வரிசையில்தான், அது எச்.264, எச்.265 என்ற இரண்டு வீடியோ சுருக்க முறைகளையும் பிரிக்கும். இன்டெல் சிப்புக்குள் அந்த வேலையைச் செய்யும் பகுதியான குவிக் சிங்க் 11ஆம் தலைமுறையிலிருந்து எச்.265 4:2:2-ஐ எடுத்துக்கொள்ளும். எடியஸ்காரர்களுக்கு இன்டெல் ஏன் ராசி என்றால் இந்தக் குவிக் சிங்க்தான் காரணம்.

வாங்கும் முன் காசில்லாத வைத்தியம் ஒன்று. அடுத்த கல்யாணத்துக்கு இரண்டாவது கேமராக்காரரிடம் ரிசப்ஷனை மட்டும் 8 பிட் 4:2:0-இல் எடுக்கச் சொல்லுங்கள். மெனுவில் ஒரே மாற்றம். மேடை வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும் இடத்தில் பார்ட்டி கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 4:2:2 தான் வேண்டும் என்றால், கார்டிலிருந்து காப்பி ஆனதும் பிராக்ஸி (வெட்டுவதற்கு மட்டும் இலேசான நகல்) போட்டுவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள்.

அடுத்தது திரை. இதை யாரும் கேட்பதே இல்லை, எனக்கோ இதில் ஒரு ஆல்பம் போயிற்று. விலை குறைந்த கேமிங் லேப்டாப்களில் 45 சதவீத என்டிஎஸ்சி என்று ஒரு பேனல் வரும். திரைகளுக்கான வழக்கமான நிற அளவான எஸ்ஆர்ஜிபி-யின் நிறங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அதில் தெரியாது. பென்னாகரம் பக்கத்துக் கல்யாணம் ஒன்று, பெண்ணுக்கு அரக்குப் பட்டு. என் திரையில் அது மங்கிப்போய்ச் செங்கல் நிறமாகத் தெரிந்தது. சரி, கொஞ்சம் ஏற்றலாம் என்று சிவப்பை ஏற்றினேன். பிரிண்ட் ஆகி வந்த 40 பக்கத்திலும் புடவை தக்காளிச் சிவப்பு. பெண்ணின் அம்மா அந்தப் புடவையையே பீரோவிலிருந்து எடுத்து வந்து ஆல்பத்தின் மேல் விரித்து வைத்தார். பிரிண்ட் போட்ட லேப் மேல் தப்பில்லை, நான் அனுப்பியதைத்தான் அவர்கள் அடித்தார்கள். மறுபடி என் காசில் போட்டுக் கொடுத்தேன். அதனால் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி என்று விவரத்தாளில் எழுதியிருக்க வேண்டும். ஐபிஎஸ் என்று பேனல் வகை மட்டும் இருந்தால் போதாது.

ரேம் 16 ஜிபி என்றால் தள்ளாடும். எடியஸும் ஃபோட்டோஷாப்பும் ஒன்றாகத் திறந்திருப்பவருக்கு 32 வேண்டும். இப்போதே 32 வாங்கப் பணம் இல்லையென்றால், ரேம் ஸ்லாட் உள்ள மாடலைப் பிடித்துப் பிறகு போட்டுக்கொள்ளுங்கள். போர்டிலேயே பற்றவைத்த ரேம் வேண்டாம்.

ஓசூர்_ஃபிரேம்:

மச்சான் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. ஆப்பிளின் எம் வரிசை சிப் உள்ள மேக்கில் எச்.265 4:2:2 வழுக்கிக்கொண்டு போகும். திரை நிறத்திலும் குறை சொல்ல முடியாது. முக்கியமாக, சார்ஜர் இல்லாமலும் அதே வேகம். விண்டோஸ் கேமிங் லேப்டாப்பில் பிளக்கை எடுத்தால் பாதி சக்தி போய்விடும், மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் அது புரியும். ஆனால் எடியஸ் மேக்கில் ஓடாது. விண்டோஸ் மட்டும்தான். பழைய ப்ராஜெக்ட், டைட்டில், எஃபெக்ட் எல்லாம் டெஸ்க்டாப்போடு நின்றுவிடும். நான் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளுக்கு மாறினேன், இலவசப் பதிப்பிலேயே 3840×2160 வரை எக்ஸ்போர்ட் ஆகும். கை பழக எனக்கு ஒரு சீசன் பிடித்தது. ஆவணிக்குள் பழகி, அதே ராத்திரியில் வெட்டிக் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். அப்புறம், ஏர் மாடலில் ஃபேன் கிடையாது. நீண்ட எக்ஸ்போர்ட்டில் சூடேறி வேகம் குறையும்.

பாலக்கோடு_டிரோன்:

விண்டோஸ் என்று முடிவானால் கிராபிக்ஸ் கார்டின் வாட் (மின்சக்தி) கணக்கையும் கேளுங்கள் அண்ணா. ஒரே 4060 கார்டு 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும், பெட்டியில் பெயர் ஒன்றுதான். ஒல்லியான லேப்டாப்பில் பெரும்பாலும் குறைந்த வாட்தான் இருக்கும்.

512 ஜிபி எஸ்எஸ்டி பற்றாது. உங்கள் கேமரா 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட், அதாவது மணிக்கு 45 ஜிபி. ரிசப்ஷன் மூன்று மணி நேரம் இதே அளவில் இரண்டு கேமரா ஓடினால் 270 ஜிபி. இன்னொரு எஸ்எஸ்டி போட இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெங்களூரு பக்கம்தான், அங்கே கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். ரேம், எஸ்எஸ்டிக்குப் போகலாம். லேப்டாப்பை ஜிஎஸ்டி பில்லோடு, நம் பின்கோடுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்னுடையதில் கீல் உடைந்தபோது சேலத்துக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன், அதில் இரண்டு முகூர்த்தம் போயிற்று. ஜிஎஸ்டி பதிவு வைத்திருந்தால் அந்த 18 சதவீதத்தை வரவாகவும் எடுக்கலாம்.

காவேரிப்பட்டணம்_கேமரா:

அண்ணன்களுக்கு ரொம்ப நன்றி. இரண்டாவது கேமராக்காரரைக் கேட்டேன், 4:2:2 10 பிட் தான். ஒரு வருஷமாக அதிலேயே எடுக்கிறாராம், நான்தான் கேட்கவே இல்லை.

தருமபுரி_மிக்ஸிங்:

அப்படியென்றால் கடைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். அவர் எடுத்த இரண்டு கிளிப்பை எஸ்எஸ்டியில் போட்டுக்கொள்ளுங்கள். கடை லேப்டாப்பில் ரிசால்வ் ஏற்ற விடமாட்டார்கள், பரவாயில்லை, பிளேயரில் ஓட்டி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். ஜிபியு (கிராபிக்ஸ்) பக்கத்தில் வீடியோ டீகோட் கோடு எழும்ப வேண்டும். அது படுத்துக்கொண்டு சிபியு மட்டும் எகிறினால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் போட்ட ஆல்பத்தில் ஒரு பக்கத்தையும், அதே படத்தின் ஃபைலையும் கொண்டுபோய்த் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். புடவை, தோல் நிறம், மாலையில் இருக்கும் சம்பங்கி, இந்த மூன்றும் ஒத்துப்போனால் போதும்.

காவேரிப்பட்டணம்_கேமரா:

நேற்று கிருஷ்ணகிரியில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். கையில் ஆல்பம் தாளைப் பார்த்ததும் முதல் கடைப் பையன் ஃபிரேம் போட வந்தவர் என்று நினைத்துவிட்டான். அவர்கள் காட்டிய 4060-இல் கிளிப் தத்தித் தத்தித்தான் போனது, டீகோட் கோடு அசையவே இல்லை. திரையில் சம்பங்கியும் பழுப்பாகத் தெரிந்தது. இரண்டாவது கடையில் இன்டெல் சிப்போடு ஆர்டிஎக்ஸ் 5050, 16 ஜிபி, ரேம் ஸ்லாட் இரண்டு, 100 சதவீத எஸ்ஆர்ஜிபி. அதே கிளிப் நிற்காமல் ஓடியது. தாளைத் திரையோடு ஒட்டிப் பிடித்தேன், பட்டுக் கரையில் இருந்த மாம்பழ மஞ்சள் அப்படியே இருந்தது. என் பட்ஜெட்டுக்குள் வருகிறது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பின்கோடு வாரண்டியைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். ரேமுக்கு மட்டும் அடுத்த வாரம் பெங்களூரு போக வேண்டும், 16-இல் ஒன்று சேர்த்தால் போதுமா, ஜோடியாகவே மாற்றட்டுமா?

பாலக்கோடு_டிரோன்:

ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால் அதே வேகத்தில் இன்னொரு 16 போதும் அண்ணா. இரண்டிலும் 8 வீதம் இருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். போகும் முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள், எத்தனை ஸ்லாட், எவ்வளவு வேகம் என்று அதிலேயே இருக்கும்.