டாரட் கட்டும் புத்தகமும் ஒத்துப்போகலை. எதை மாத்தணும்?

பாம்பன் மலர்:
எல்லாருக்கும் வணக்கம். பாண்டிச்சேரியில இருக்கிற என் சித்தி மக பிரான்ஸ் போயிட்டு வரும்போது எனக்கு ஒரு டாரட் கட்டு, அதான் குறி பார்க்கிற படச் சீட்டுக்கட்டு, வாங்கிட்டு வந்தா. எண்ணிப் பார்த்தேன், 78 சீட்டும் சரியா இருக்கு. முறையாப் படிக்கணும்னு மதுரையில ஒரு கடையில ஆங்கிலப் புத்தகம் ஒண்ணு வாங்கினேன். எந்தக் கட்டா இருந்தாலும் இது போதும்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. மூணு வாரமா உட்கார்ந்து பார்க்கிறேன், ஒண்ணும் பொருந்தலை.

புத்தகத்துல 8-ம் சீட்டு சிங்கத்தோட வாயைப் பிடிச்சிருக்கிற பொண்ணு. என் கட்டுல 8-ல தராசு இருக்கு, சிங்கம் 11-ல இருக்கு. வாள் மூணுன்னா ஒரு இதயத்துல மூணு வாள் பாய்ஞ்சு, பின்னாடி மழை பெய்யுது. என்கிட்ட இதயமும் இல்ல, மழையும் இல்ல. வளைஞ்ச வாள் ரெண்டு, நடுவுல நேரா ஒண்ணு, அவ்வளவுதான். 13-ல ஒரு எலும்புக்கூடு அரிவாளோட நிக்குது, அடியில பேரே அச்சாகலை. மூட்டையைத் தோள்ல போட்டு நடக்கிற ஆளுக்குப் பேர் இருக்கு, எண் இல்ல.

இது அச்சுப்பிழையான கட்டா? கட்டை மாத்தணுமா, புத்தகத்தை மாத்தணுமா? தெருவுல ரெண்டு மூணு அக்காமார் இப்பவே "எனக்குப் பாரு"ன்னு கேட்கிறாங்க. தப்பா எதையும் சொல்லிடக் கூடாதுன்னு பயமா இருக்கு.

உச்சிப்புளி வாசகன்:
தங்கச்சி, கட்டுல எந்தக் குறையும் இல்ல. பத்திரமா வச்சுக்க. உன்கிட்ட இருக்கிறது மார்சேய் டாரட், பிரான்ஸ்ல வழங்கி வர்ற பழைய கட்டு. நீ வாங்கின புத்தகம் ரைடர் வெயிட் கட்டுக்காக எழுதினது. 1909-ல லண்டன்ல வெளிவந்த கட்டு அது. வெயிட்ங்கிறவர் எப்படி இருக்கணும்னு சொல்ல, பமீலா கோல்மன் ஸ்மித்ங்கிற ஓவியர் வரைஞ்சாங்க. 78 சீட்டுக்குமே ஒவ்வொரு காட்சி வரைஞ்சது அவங்களோட பெரிய வேலை. இதயமும் மழையும் அதுல வந்ததுதான். மார்சேய் அதைவிட ரொம்பப் பழசு. 78-ல 22 பெரிய சீட்டு, மீதி 56-ம் கோப்பை, காசு, வாள், தடின்னு நாலு இனமா வர்ற சின்னச் சீட்டு. மார்சேய்ல அந்தச் சின்னச் சீட்டு 1 முதல் 10 வரைக்கும் காட்சி கிடையாது, சின்னங்களை எண்ணிக்கையா அடுக்கியிருப்பாங்க.

13-க்குப் பேர் போடாம விடுறதும், மூட்டைக்காரனுக்கு எண் போடாம விடுறதும் மார்சேயோட மரபு. எனக்கும் முதல்ல அந்தப் பேரில்லாச் சீட்டைப் பார்த்து மனசு ஒரு மாதிரி ஆச்சு. இப்போ கட்டுலேயே எனக்குப் பிடிச்ச சீட்டு அதுதான். அந்த அரிவாள் நம்ம ஊர்ல அறுப்புக்குக் கொண்டுபோற கையரிவாள் இல்ல, நீளக் கம்புல மாட்டின புல்லரிவாள். நிலத்தைச் சுத்தம் பண்ற வேலை நடக்குதுன்னு பாரு.

8, 11 விஷயம் இதுதான்: வெயிட் இருந்த கோல்டன் டான்ங்கிற மந்திர, மறைஞான அமைப்பு பெரிய சீட்டுகளை ராசியோட இணைச்சது. சிங்கம் சிம்மம், தராசு துலாம். ராசி வரிசையில சிம்மம்தானே முன்னாடி வரும்? அதனால இடம் மாத்திட்டாங்க. பழைய வரிசை உன் கட்டுல இருக்கிறதுதான்.

காசுச் சீட்டுல எண் இருக்காது, காசை எண்ணித்தான் பார்க்கணும். எண் போட்ட சீட்டுல 4-க்கு நாலு கோடு, 9-க்கு அஞ்சுக்கான V, அப்புறம் நாலு கோடு. பள்ளிக்கூடத்துல படிச்ச ரோமன் எண் மாதிரி இருக்காது, குழம்பாதே. காசு இரண்டுல ஒரு சுருள் பட்டை இருக்கும் பாரு, அச்சிட்டவங்க பேரு வழக்கமா அதுலதான் வரும். அதை வச்சு உன் கட்டு எந்தப் பதிப்புன்னு கண்டுபிடிக்கலாம்.

புத்தகம் வாங்கும்போது முதல்ல வாள் மூணு பக்கத்தைத் திற. படத்துல இதயம் இருந்தா அது உனக்கு இல்ல, வச்சுடு. அப்புறம் 8 யாருன்னு பாரு. மூணாவது, சின்னச் சீட்டுகளை எப்படிச் சொல்லித் தர்றாங்கன்னு பாரு. 56-க்கும் ஆளுக்கு ரெண்டு வரி மனப்பாடம் பண்ணச் சொல்ற புத்தகம் மார்சேய்க்கு உதவாது. கோப்பை, காசு, வாள், தடி நாலுக்கும் தனித்தனி குணம், 1 முதல் 10 வரைக்கும் எண்ணுக்கு ஒரு குணம், ரெண்டையும் சேர்த்துப் பலன் எடுக்கிற வழி, இது இருக்கணும். பத்து எண், நாலு சின்னம் தெரிஞ்சா நாற்பது சீட்டு கைக்கு வந்துடும். நான் இதுவரைக்கும் புரட்டின தமிழ்ப் புத்தகங்கள் எல்லாமே ரைடர் படத்தை வச்சு எழுதினது. ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவுல அட்டையைப் பார்த்து எடுத்துடாதே, உள்ளே திறந்து பாரு.

சித்தி மகளுக்கு பிரெஞ்சு தெரியும்னா, போல் மார்தோ 1949-ல மார்சேய் கட்டுக்குன்னே எழுதின புத்தகம் இருக்கு. சீட்டுச் சீட்டா, நிறம் வரைக்கும் பார்க்கிறார். கனமான எழுத்து, கூட உட்கார்ந்து வாசிக்க ஆள் வேணும். இப்போ கையில இருக்கிற புத்தகத்தையும் தூக்கி எறியாதே. பின்னாடி ரைடர் கட்டு வாங்கினா அது அப்படியே பயன்படும்.

தொண்டி தாத்தா:
பேத்தி, வீட்டுல ரம்மி சீட்டு இருந்தா அதை வச்சும் பழகலாம். கோப்பைதான் ஆர்ட்டின், காசு டைமண்ட், வாள் இஸ்பேட், தடி கிளாவர். இஸ்பேட்ங்கிற சொல்லே இத்தாலியில வாளைக் குறிக்கிற சொல்லோட உறவு. பிரான்ஸ்ல எத்தெய்யாங்கிறவர் 1770-லேயே 32 சீட்டை வச்சுக் குறி சொல்றதைப் பத்திப் புத்தகம் போட்டிருக்கார். ராத்திரி ஒரே ஒரு சீட்டை எடுத்து, புத்தகத்தைத் திறக்காம நாலு வரி நோட்டுல எழுது. எழுதினதுக்கு அப்புறம் புத்தகத்தைப் பாரு.

மண்டபம் செல்வி:
மலர், அந்த அக்காமார் விஷயத்தை யாரும் பேசலையே, அதனால எழுதுறேன். எங்க வீட்டுக்காரர் விசைப்படகுல போறவர். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்துல மட்டும்தான் நான் நிம்மதியாத் தூங்குவேன். ஒரு தடவை போனவங்க சொன்ன நாளுக்குத் திரும்பலை. சீட்டுப் பார்க்கிற ஒருத்தர்கிட்ட போனேன். அவங்க அந்த எலும்புக்கூட்டை எடுத்து வச்சுட்டுப் பேசாம இருந்தாங்க. ரெண்டு நாள் நான் சோறு திங்கலை. மூணாம் நாள் காலையில இவர் வந்து வாசல்ல நிக்கிறார், இன்ஜின் கோளாறாம்.

அதனால கை கூப்பிக் கேட்கிறேன், கடல்ல இருக்கிற ஆளைப் பத்தி யாரு கேட்டாலும் சீட்டைப் பிரிக்காதே. பாம்பன் துறைமுகத்துல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தியிருக்காங்களான்னு பார்க்கச் சொல்லு, மீனவர் சங்கத்துல விசாரிக்கச் சொல்லு. புத்தகம் வாங்கும்போது 13-ம் சீட்டுப் பக்கத்தையும் படிச்சுப் பாரு. "சாவு வரும்"னு எழுதியிருந்தா அந்தப் புத்தகம் வேண்டாம்.

பாம்பன் மலர்:
செல்வி அக்கா, படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. கண்டிப்பாப் பிரிக்க மாட்டேன். ஒரு அக்கா கேட்டதே அதுக்குத்தான், நாளைக்குப் போய்ச் சொல்லிடுறேன்.

அண்ணே, காசு இரண்டை எடுத்துப் பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரியே பட்டைக்குள்ள பேரு இருக்கு! படம் எடுத்து சித்தி மகளுக்கு அனுப்பிட்டேன், பதிப்பைக் கேட்டுச் சொல்றேன்னா. பிரெஞ்சு வாசிச்சுக் காட்டவும் சம்மதிச்சுட்டா, ஞாயித்துக்கிழமை போன்ல.

தாத்தா, முதல் சீட்டு எடுத்துட்டேன். கோப்பை நாலு வந்துச்சு. நாலு வரி கேட்டீங்க, மூணு வரிதான் வந்திருக்கு.

தொண்டி தாத்தா:
மூணு போதும் பேத்தி. நாளைக்கும் எழுது.