தந்தம் இல்லாவிட்டால் பெண் யானை என்று நினைத்துவிடாதீர்கள்

காட்டில் கொம்பனை, அதாவது நீண்ட தந்தமுள்ள ஆண் யானையை, பார்த்த அனுபவத்தை இந்தக் குழுவில் பலரும் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது கொம்பில்லாத ஆண் யானையைப் பற்றி.

காட்டுப் பாதையில் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு வளைவு தாண்டியதும் மூங்கில் புதரை ஒட்டித் தனியாக ஒரு யானை. "தந்தமே இல்லையே, பெண் யானைதான். இன்னும் கொஞ்சம் கிட்டப் போலாமே" என்றார் உடன் வந்த ஒருவர். வனக்காவலர் சட்டென்று ஓட்டுநரின் தோளைப் பிடித்து நிறுத்தினார். "மக்னாங்க" என்றார். அவ்வளவுதான். தந்தம் இல்லாத ஆண் யானைக்குத்தான் மக்னா என்று பெயர்.

அப்புறம் எதைப் பார்க்க வேண்டும் என்று மெதுவாகக் காட்டினார். துதிக்கை தொடங்கும் இடம் அடிமரம் மாதிரி தடித்திருந்தது. நெற்றி புடைத்திருந்தது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலிருந்து ஓர் ஈரக்கோடு வாய்வரை இறங்கியிருந்தது. மதநீர், மதம் பிடித்த யானைக்கு வழிவது. பின்னங்கால்களின் உட்புறம் சிறுநீர் சொட்டிச் சொட்டிக் கறுத்துக் கிடந்தது. ஜீப்பைத் திருப்பாமல் அப்படியே பின்னால் எடுத்தோம். காதுகளை விரித்தபடி சில அடி முன்னே வந்தது, நின்றது, பிறகு மூங்கிலுக்கே திரும்பிவிட்டது. கிட்டப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

கொம்பன் என்று சொன்னாலே ஆண் யானை என்பதும் அதில் அடங்கிவிடும். ஆசிய யானைகளில் பெண்ணுக்கு நீண்ட தந்தம் வளர்வதில்லை. சிலவற்றுக்குச் சின்னதாக எட்டிப் பார்க்கும், அவ்வளவே. ஆனால் தந்தம் இல்லாததெல்லாம் பெண் ஆகிவிடாது. மக்னா, மோழை என்று தனிப்பெயர் இருப்பதே அதனால்தான். இலங்கையில் ஆண் யானைகளிலேயே பத்தில் ஒன்றுக்கும் குறைவானவைதான் கொம்பன்கள். ஆப்பிரிக்க யானைகளில் கதையே வேறு. அங்கே பெண்ணுக்கும் தந்தம் உண்டு.

அங்கும் மனிதர்கள் கை வைத்துவிட்டார்கள். மொசாம்பிக் நாட்டின் கோரோங்கோசா தேசியப் பூங்காவில், 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது தந்தத்துக்காக யானைகளைக் கொன்று குவித்தார்கள். தந்தம் இல்லாமல் பிறந்த பெண் யானைகள்தான் அதிகம் தப்பின. அவற்றின் மகள்களில் பலவற்றுக்கும் தந்தம் இல்லை. ஒரு காட்டு யானைக் கூட்டத்தின் முகத்தையே துப்பாக்கி மாற்றிவிட்டது என்பதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இங்கே காட்டுப்பன்றியின் தந்தத்தைப் பற்றி எழுதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. யானைக்கு நீள்வது மேல்தாடை வெட்டுப்பல், பன்றிக்கு நீள்வது கோரைப்பல். கீழ்ப்பல் மேல்பல்லோடு உரசி உரசிக் கூர் ஏறிக்கொண்டே இருக்கும். சின்னப் பல்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள், தொடையைக் கிழித்துவிடும்.

சரி, மக்னாவை நேரில் பார்த்தவர்கள் இங்கே வேறு யாராவது இருக்கிறீர்களா? எதை வைத்து அடையாளம் கண்டீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள்.